கடிதத்துக்கும் பொதிக்குமான தபாற்கட்டணத்தை வீட்டிலேயே கணக்கிடும் முறை

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் சாதாரணக் கடிதத்துக்கும் யாழ்ப்பாணத்துக்குப் போகும் சாதாரணக் கடிதத்துக்கும் முத்திரைக் கட்டணம் ஒன்றே. உள்நாட்டுக் கடிதத்தில் தூரம் கணக்கில் வருவதில்லை, நிறைதான் வருகிறது. அந்த நிறையும் கிராம் கிராமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஓர் எல்லை வரை ஒரு கட்டணம், அந்த எல்லையைக் கடந்ததும் அடுத்த கட்டணம் என்று அது படிப்படியாகவே ஏறுகிறது. ஆகவே வீட்டிலிருந்தபடி கட்டணத்தை அறிய விரும்புபவர், தமது கடிதம் மிகச் சரியாக எத்தனை கிராம் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அது எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

இந்தப் படிமுறை புதியதன்று. 1857 ஏப்ரல் 1 ஆம் திகதி இலங்கையின் முதலாவது தபால் முத்திரை வெளியானபோது அதன் பெறுமதி 6 பென்ஸ். அரை அவுன்ஸ் நிறையுள்ள கடிதம் ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்புவதற்கு அன்று அறவிடப்பட்ட கட்டணம் அதுவே. அரை அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 14 கிராம். அக்காலத்தில் கடிதம் எழுதியவர்களும் தாளின் தடிப்பைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

கணக்கைத் தொடங்குமுன் நடப்பிலுள்ள கட்டண விபரம் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் தேடும்போது பழைய அட்டவணைகளே முதலில் கண்ணில் படும் என்பதால் இதில் கவனம் தேவை. 2022 ஆகஸ்ட் 15 ஆம் திகதி முதல், அதுவரை 15 ரூபாவாக இருந்த மிகக் குறைந்த கடிதக் கட்டணம் 50 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த ஒரு நாளோடு முந்தைய அட்டவணைகள் அனைத்தும் பயனற்றுப்போயின. ஆகவே தபாலகத்துக்கு வேறு வேலையாகப் போகும் ஒரு நாளில் கருமபீடத்தில் கேட்டு, நீங்கள் வழக்கமாக அனுப்பும் வகைகளுக்கு மட்டும் விபரத்தை ஓர் அட்டையில் எழுதி வாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் நான்கு விடயங்கள் வேண்டும்: முதற்படி எத்தனை கிராம் வரை, அதற்குக் கட்டணம் என்ன, அடுத்த ஒவ்வொரு படியும் எத்தனை கிராம், அதற்குக் கூடுதலாக எவ்வளவு. பதிவுத் தபாலுக்கான மேலதிகக் கட்டணத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையின் தலைப்பில் எழுதிய திகதியைப் போட மறக்க வேண்டாம். திகதி இல்லாத கட்டண அட்டை, அட்டையே இல்லாததைவிட அதிகம் ஏமாற்றும்.

கடிதத்தின் நிறை

கடிதத்தைப் பொறுத்தவரை தராசே இல்லாமல் கணக்கிட முடியும். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றரின் பதினாறில் ஒரு பங்கு. தாள் கட்டின் மேலுறையில் 80 ஜிஎஸ்எம் என்று அச்சிட்டிருந்தால், அந்தத் தாள் ஒரு சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறை கொண்டது என்று பொருள். எனவே 80 ஐ 16 ஆல் வகுத்தால் ஓர் ஏ4 தாளின் நிறை 5 கிராம். 70 ஜிஎஸ்எம் தாளாயின் அது சுமார் 4.4 கிராம். போட்டோகொப்பிக் கடைகளில் இந்த இரண்டு வகையுமே பயன்படுகின்றன. எந்தத் தாள் என்று கடைக்காரரிடம் கேட்டால் கட்டின் மேலுறையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

உறையையும் இதே முறையில் மதிப்பிடலாம். விண்ணப்பங்களுக்கு நாம் வழக்கமாக வாங்கும் 9 × 4 அங்குல நீள உறை, மடிப்பு ஒட்டுகளையும் சேர்த்து, ஓர் ஏ4 தாளை விடச் சற்றுக் குறைந்த பரப்புடையது. அதன் நிறையை 5 கிராம் என்று எடுத்துக்கொண்டால் பிழைக்காது. ஏ4 தாளை மடிக்காமல் வைக்கும் பெரிய மண்ணிற உறை 15 கிராமுக்குக் குறையாது. உள்ளே மட்டை வைத்ததாயின் இன்னும் கூடும். ஸ்டேப்ளர் ஊசி கணக்கில் வராது. காகிதக் கிளிப் அரைக் கிராம் முதல் ஒரு கிராம் வரை வரும். முத்திரை ஒன்று ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு அளவே.

இப்போது ஒரு கடிதத்தை எடுத்துப் பார்ப்போம். முதற்படியின் எல்லை 20 கிராம் என்று கொள்வோம். வர்த்தமானியில் வந்த ஒரு வெற்றிடத்துக்கு நீங்கள் அனுப்பும் விண்ணப்பம் நான்கு பக்கங்கள். 80 ஜிஎஸ்எம் தாளில், ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டால் நான்கு தாள்கள், 20 கிராம். உறை 5 கிராம். மொத்தம் 25, எல்லையைத் தாண்டிவிட்டது. அதே விண்ணப்பத்தை இருபக்கமும் அச்சிட்டால் இரண்டு தாள்கள், 10 கிராம், உறையோடு 15. முதற்படிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தை இருபக்கமும் அச்சிடக்கூடாது என்று அறிவித்தலில் சொல்லாதவரை இது முறையானது, அதோடு போட்டோகொப்பிச் செலவும் சற்றுக் குறையலாம்.

மூன்று தாள்களாயின் நிலைமை சிக்கலானது. 80 ஜிஎஸ்எம் தாளில் 15 கிராமும் உறைக்கு 5 கிராமுமாகச் சரியாக 20 வருகிறது. 20 கிராமுக்கு மேற்படாத கடிதம் என்ற வரையறைக்குள் 20 கிராமும் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் முத்திரையும் பசையும் ஒரு கிளிப்பும் சேர்ந்தால் அது 20 இல் நிற்காது. தாள் கட்டுகளின் நிறையிலும் சிறிய ஏற்றத்தாழ்வு உண்டு. ஆகவே எல்லையில் வந்து நிற்கும் கடிதத்தை அடுத்த படியைச் சேர்ந்ததாகவே கருதி முத்திரை ஒட்டுங்கள், அல்லது அதை 70 ஜிஎஸ்எம் தாளில் எடுத்து 18 கிராமுக்கு இறக்குங்கள். கடிதத்துக்கு ஒரு கிராமாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்.

தாள்களை எண்ண முடியாத சந்தர்ப்பங்களும் உண்டு. நிழற்படம், திருமண அழைப்பிதழ், கல்விச் சான்றிதழின் தடித்த பிரதி, குழந்தையின் பிறந்தநாள் அட்டை ஆகியவற்றின் தாள் தடிப்பு நமக்குத் தெரியாது. அப்போது ஏ4 தாளையே படிக்கல்லாக்கலாம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றையும் அறுகோணப் பென்சில் ஒன்றையும் எடுங்கள். உருண்டைப் பென்சில் உருண்டுவிடும். பென்சிலை மேசையில் கிடத்தி, அடிமட்டத்தின் 15 சென்ரிமீற்றர் குறி அதன் மேல் வருமாறு வைத்தால் அது ஏறத்தாழச் சமநிலையில் நிற்கும். நிற்காவிட்டால் நிற்கும் இடத்தைக் கண்டு குறித்துக்கொள்ளுங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள்கள் நான்கைச் சிறு சதுரமாக மடித்தால் அது 20 கிராம். அதன் நடு, பென்சிலிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்குமாறு ஒரு பக்கத்தில் வையுங்கள். கடிதத்தை மறுபக்கத்தில் அடிமட்டத்துக்குக் குறுக்காக, அதன் நடுக்கோடு 10 சென்ரிமீற்றரில் வருமாறு வையுங்கள். கடிதத்தின் பக்கம் தாழ்ந்தால் அது 20 கிராமுக்கு மேற்பட்டது. உயர்ந்து நின்றால் குறைந்தது. பெரும்பாலான தேவைக்கு இந்த விடையே போதும்.

நிறையும் வேண்டுமென்றால் கடிதத்தைப் பென்சிலை நோக்கி மெதுவாக நகர்த்திச் சமநிலை வரும் இடத்தைக் காணுங்கள். 20 ஐயும் 10 ஐயும் பெருக்கி வரும் 200 ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் கடிதத்தின் நிறை கிடைக்கும். 8 சென்ரிமீற்றரில் நின்றால் 25 கிராம். 6 இல் நின்றால் 33 கிராம். நெம்புகோல் தத்துவத்தைப் படிக்கும் வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவரிடம் விட்டுவிடலாம். மேலே சுழலும் விசிறியை மட்டும் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

பதிவுத் தபாலும் திரும்பி வரும் உறையும்

அரசாங்க வேலை விண்ணப்பங்கள் பெரும்பாலும் பதிவுத் தபாலில் அனுப்பக் கோரப்படுகின்றன. அதற்குரிய கட்டணம், நிறைக்கான கட்டணத்தோடு பதிவுக் கட்டணமும் சேர்ந்தது. பதிவுக் கட்டணம் உருப்படிக்கு ஒன்று என்பதால், ஒரே முகவரிக்குப் போகும் இரண்டு ஆவணங்களை ஒரே உறையில் இட்டால் ஒரு பதிவுக் கட்டணம் மிச்சமாகும். ஆனால் இரண்டு பதவிகளுக்கு விண்ணப்பிப்பவர் இந்தச் சிக்கனத்தை நினைக்கவே கூடாது. உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்வதே அவற்றைத் தனித்தனியே பிரிப்பதற்காகத்தான்.

சில அறிவித்தல்கள் சுயமுகவரியிட்டு முத்திரை ஒட்டிய உறையொன்றையும் உடன் அனுப்பச் சொல்லும். இங்கே இரண்டு கணக்குகள் உள்ளன. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும் உறைக்கு, அதற்குள் வரப்போகும் கடிதத்தின் நிறையை எண்ணி முத்திரை ஒட்ட வேண்டும். ஓர் அனுமதி அட்டையோ ஒரு தாள் கடிதமோ ஆயின் முதற்படிக் கட்டணம் போதும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்புவதாக அறிவித்தலில் இருந்தால் பதிவுக் கட்டணத்துக்கும் சேர்த்து ஒட்ட வேண்டும். இது முதலாவது கணக்கு. இரண்டாவது, அந்த வெற்றுறையும் நீங்கள் அனுப்பும் கடிதத்துக்குள் 5 கிராமைக் கூட்டுகிறது என்பது. மேலே பார்த்த இருபக்க விண்ணப்பம் 15 கிராமில் பத்திரமாக நின்றது; உள்ளே இந்த உறையை மடித்து வைத்ததும் அது 20 க்கு வந்து எல்லையில் தொங்குகிறது.

முத்திரைகளைச் சேர்த்து ஒட்டுதல்

பல வீடுகளில் மேசை இலாச்சியில் பழைய 15 ரூபா முத்திரைகள் கிடக்கின்றன. அவற்றை வீணாக்க வேண்டியதில்லை. பாவிக்காத முத்திரைகளைச் சேர்த்து ஒட்டித் தேவையான தொகையை நிரப்பலாம். மூன்று 15 ரூபா முத்திரைகள் 45 ரூபா. ஒரு 5 ரூபா முத்திரை சேர்ந்தால் 50. இரண்டு 15 உம் இரண்டு 10 உம் சேர்ந்தாலும் அதே 50. நீள உறையில் நான்கு முத்திரைகளுக்கு வலதுபக்க மேற்பகுதியில் இடம் இருக்கும். சிறிய உறையில் அவை முகவரியை மறைத்துவிடும் என்பதால் முகவரியை எழுதுமுன் முத்திரைகளை வைத்துப் பாருங்கள். முத்திரைக்கு மேல் செலோடேப் ஒட்ட வேண்டாம். தபாலகத்தின் திகதி முத்திரை அதில் பதியாது.

முத்திரை குறைவாக ஒட்டிய கடிதத்தின் மீதிச் சுமை பெறுபவர் தலையில் விழலாம், அல்லது கடிதம் உங்களிடமே திரும்பலாம். இறுதித் திகதி உள்ள விண்ணப்பமாயின் ஐந்து ரூபாவைக் கூடுதலாக ஒட்டுவது ஒருபோதும் நட்டமாகாது. மற்றக் கடிதங்களில், சந்தேகம் இருந்தால், ஒட்டாமலேயே உப தபாலகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்து வாங்கி ஒட்டுங்கள். வீட்டுக் கணக்கு நேரத்தை மிச்சப்படுத்துவதற்குத்தான், தபாலதிபரோடு வாதாடுவதற்கன்று.

பொதிக்கு எந்தத் தராசு

பொதிக்கு அடிமட்டம் உதவாது. குசினியில் பாவிக்கும் சிறிய டிஜிற்றல் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது, ஐந்து கிலோவுக்குட்பட்ட பொதிகளுக்கு மிகவும் ஏற்றது. பெட்டி அகலமாக இருந்து எண் காட்டும் பகுதியை மறைத்தால், தராசின் மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பின் அதன் மேல் பெட்டியை வையுங்கள். மத்திய கிழக்குக்குப் போய்வருபவர்கள் உள்ள வீடுகளில் பயணப்பெட்டியைத் தூக்கி நிறுக்கும் கைத்தராசு ஒன்று அநேகமாக இருக்கும். கனமான பொதிக்கு அது நல்லது. ஆனால் பல தராசுகள் பத்துக் கிராமுக்கோ ஐம்பது கிராமுக்கோ ஒருமுறைதான் எண்ணை மாற்றும் என்பதால், எல்லைக்கு அருகில் உள்ள பொதிக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. ஆள் ஏறி நிற்கும் தராசில் பொதியைத் தூக்கிக்கொண்டு நின்று பின் உங்கள் நிறையைக் கழிக்கும் முறை, பொதி நான்கு கிலோவா ஆறு கிலோவா என்று அறிய மட்டுமே உதவும். எதுவும் இல்லாவிட்டால் தெருமுனைக் கடையில் சீனி நிறுக்கும் மின்தராசில் ஒரு முறை வைத்துப் பார்க்கலாம். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் எவரும் மறுப்பதில்லை.

குசினித் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று அறிவதற்கும் அதே ஏ4 தாள் போதும். 80 ஜிஎஸ்எம் தாள்கள் இருபதை வைத்தால் 100 கிராம் காட்ட வேண்டும். பிரிக்காத 500 தாள் கட்டு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. தாளின் சிறு ஏற்றத்தாழ்வை விட்டுப் பார்த்தால் ஓரிரு கிராம் வித்தியாசம் பெரிதல்ல. பத்துக் கிராம் வித்தியாசம் இருந்தால் தராசின் பற்றரியை மாற்றிவிட்டு மீண்டும் பாருங்கள்.

மாரி காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் பக்கத்தின் ஈரக்காற்றில் காட்போட் பெட்டியும் தாளும் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கின்றன. முதல் நாள் மாலை நிறுத்து வைத்த பெட்டி மறுநாள் காலை சில கிராம் கூடிக் காட்டுவது தராசின் பிழையன்று. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து நகரத் தபாலகத்துக்கு வருபவர் மழையில் நனையாதபடி பொதியைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துவருவது, பொருளின் பாதுகாப்புக்கு மட்டுமன்றி நிறைக்கும் நல்லது.

பொதியின் கணக்கு

தபால் பொதியின் கட்டணமும் படிமுறையிலேயே செல்கிறது. சூத்திரம் எளிது: மொத்த நிறையிலிருந்து முதற்படியைக் கழியுங்கள்; மீதியை அடுத்த படியின் அளவால் வகுங்கள்; விடையில் தசமம் வந்தால், அது எவ்வளவு சிறியதாயினும், மேலுள்ள முழு எண்ணுக்கு உயர்த்துங்கள்; அந்த எண்ணைப் படிக்கான கட்டணத்தால் பெருக்கி முதற்படிக் கட்டணத்தோடு கூட்டுங்கள். அட்டவணைகளில் காணப்படும் “அல்லது அதன் பகுதிக்கு” என்ற சொற்றொடர் சொல்வது இந்த உயர்த்துதலைத்தான்.

மருதமுனையில் வாங்கிய கைத்தறிச் சேலை ஒன்றை வெள்ளவத்தையில் உள்ள உறவினருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் 500 கிராமுக்கு 300 ரூபா, அதற்கு மேல் ஒவ்வொரு 250 கிராமுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 60 ரூபா என்று எடுத்துக்கொள்கிறேன். இவை கணக்கைக் காட்டுவதற்காக நானே வைத்த எண்கள். உண்மைக் கட்டணத்தை உங்கள் அட்டையிலிருந்து எடுத்து அந்த இடத்தில் இடுங்கள்.

சேலை 620 கிராம். அதைச் சிறிய காட்போட் பெட்டியில் வைத்தால் பெட்டிக்கு 150 கிராம் எளிதில் வரும்; சுற்றிய தாளுக்கும் டேப்புக்கும் 25 கிராம். மொத்தம் 795. முதல் 500 ஐக் கழித்தால் 295. 250 ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல். ஆகவே இரண்டு படிகள். கட்டணம் 420 ரூபா. துணிக்குக் காட்போட் பெட்டி தேவையே இல்லை. கிழியாத பிளாஸ்ரிக் தபால் பையில் இட்டால் பையும் டேப்பும் சேர்ந்து 25 கிராம், மொத்தம் 645. மீதி 145, ஒரு படி, 360 ரூபா. நாம் அனுப்ப விரும்பிய சேலைக்கு மேலதிகமாக ஒரு வெற்றுப் பெட்டிக்கு 60 ரூபா கொடுக்க இருந்தோம்.

இரண்டு சேலைகளை ஒரே பையில் இட்டுப் பாருங்கள். 1240 கிராமோடு பைக்கு 30 கிராம், மொத்தம் 1270. மீதி 770. மூன்று படிகள் 750 இல் முடிகின்றன; 20 கிராம் மிஞ்சி நாலாவது படிக்குள் விழுகிறது. கட்டணம் 540. இந்த இடத்தில்தான் சேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மடிப்பு குலையாமல் இருப்பதற்காகக் கடையில் உள்ளே வைத்த மட்டை இரண்டையும் எடுத்தால் 25 கிராம் குறையும், 1245. கட்டணம் 480. ஆனால் 5 கிராம் இடைவெளியில் நிற்கும் ஒரு பொதியை, அதுவும் மழைக்காலத்தில், நான் அப்படியே கொண்டுபோக மாட்டேன். விலைச்சீட்டையும் உள்ளுறையையும் எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றிய டேப்பை ஒன்றாக்கி, 1235 க்காவது இறக்கிய பின்பே கொண்டுபோவேன். பொதிக்குப் பத்துக் கிராமுக்கு மேல் இடைவெளி வேண்டும்.

இரண்டையும் தனித்தனிப் பொதிகளாக அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தலைக்கு 360 வீதம் 720 ரூபா ஆகும். முதற்படி எப்போதும் விலை கூடியதாக இருப்பதால் சேர்த்து அனுப்புவதே பெரும்பாலும் மலிவு. பிரித்து அனுப்புவது, ஒரு வகையின் உச்ச நிறையைப் பொதி தாண்டும்போது மட்டும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று.

வெள்ளவத்தைக்கு 00600, மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300 என்ற தபால் குறியீடுகள் கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. எனினும் முகவரியின் கடைசி வரியில் அவற்றை எழுதுங்கள்.

கூரியரும் வெளிநாடும்

தனியார் கூரியர் நிறுவனங்களிடமும் விமானத்தில் போகும் துரித சேவைகளிடமும் இன்னொரு கணக்கு உண்டு. பெட்டி பெரிதாகவும் பொருள் இலேசாகவும் இருந்தால் அவர்கள் நிறைக்குப் பதிலாகக் கனவளவை எடுத்துக்கொள்வார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவது கனவளவு நிறை. சர்வதேச துரித கூரியர் நிறுவனங்களான டிஎச்எல், ஃபெடெக்ஸ் ஆகியவை பயன்படுத்தும் வகுஎண் இதுவே. மெய்யான நிறையும் கனவளவு நிறையும் எது கூடவோ அதற்கே கட்டணம்.

இதில் அதிகம் அடிபடுவது பலகாரப் பெட்டிதான். முறுக்கும் அச்சுப்பலகாரமும் நொறுங்கக்கூடாதென்று பெரிய பெட்டியில், சுற்றிவரப் பஞ்சும் தாளும் அடைத்து வைக்கிறோம். பெட்டி 40 × 30 × 25 சென்ரிமீற்றர் என்றால் பெருக்கத்தொகை 30,000. 5000 ஆல் வகுத்தால் 6 கிலோ. உள்ளே இருக்கும் பலகாரம் பெட்டியோடு மூன்று கிலோவாக இருந்தாலும் ஆறு கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். பலகாரத்தை இறுக்கமான பிளாஸ்ரிக் டப்பாக்களில் அடைத்து, அவற்றை 35 × 25 × 20 அளவுள்ள பெட்டியில் நெருக்கமாக அடுக்கினால் கனவளவு நிறை 3.5 கிலோவாகக் குறைகிறது. டப்பாவால் மெய் நிறை சிறிது கூடினாலும் கட்டணம் குறைகிறது. பெட்டியை அளக்கும்போது வெளிப்புறத்தை, பக்கம் புடைத்திருந்தால் புடைத்த இடத்தையே அளக்க வேண்டும். அவர்களும் அப்படித்தான் அளப்பார்கள்.

சாதாரண வெளிநாட்டுத் தபாலில் இந்தக் கனவளவுக் கணக்குக்குப் பதிலாக அளவு வரம்புகள் உள்ளன. கனடாவோ சுவிற்சர்லாந்தோ கட்டாரோ, நாடுகளைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கட்டணம் வைத்திருப்பதால், உள்நாட்டைப் போலன்றி இங்கே போகும் இடம் முக்கியம். சிறுபொதி என்ற வகையில் 2 கிலோ வரை அனுப்பலாம். அதன் நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 90 சென்ரிமீற்றரையும், எந்த ஒரு பக்கமும் 60 சென்ரிமீற்றரையும் மீறக்கூடாது என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் வரையறை. 40 × 30 × 20 பெட்டி சரியாக 90 இல் நிற்கிறது. டேப்பும் புடைப்பும் சேர்ந்தால் நிற்காது. 1900 கிராமைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். சுங்கப் படிவமும் அதைச் செருகும் பிளாஸ்ரிக் உறையும் மேலே சேர வேண்டியிருக்கிறது.

பொருள் உள்ள எல்லா வெளிநாட்டுப் பொதிக்கும் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். பெறுமதி குறைந்தவற்றுக்கு சிஎன் 22, கூடியவற்றுக்கு சிஎன் 23. அதில் ஒவ்வொரு பொருளின் நிறையையும் தனித்தனியே கேட்பார்கள். வீட்டில் அடைக்கும்போதே ஒவ்வொன்றையும் நிறுத்து ஒரு துண்டில் எழுதி வைத்தால் கருமபீடத்தில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. கருவாடு, விதைகள், வீட்டில் இடித்த தூள் ஆகியவற்றை அனுப்புமுன், போகும் நாட்டில் அவை அனுமதிக்கப்படுமா என்று பெறுபவரிடம் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகவும் கண்டிப்பானவை. அங்கே தடுத்து அழிக்கப்படும் ஒரு பொதிக்குக் கட்டணத்தை எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும் பயனில்லை.

பொதியைக் கருமபீடத்தில் கொடுக்கும்போது அங்குள்ள தராசு காட்டும் எண்ணைப் பாருங்கள். வீட்டில் வந்த நிறையையும் அங்கே வந்த நிறையையும் கட்டண அட்டையின் பின்பக்கத்தில் அருகருகே குறித்துவையுங்கள். சில பொதிகள் போனதும், உங்கள் தராசு வழக்கமாக எத்தனை கிராம் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த பொதியில் அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே எல்லையைப் பார்க்கலாம்.